தோணிக்காரப் பையனுக்கு ஒரு காலணா

பாளையங்கோட்டை,
ஆடி அமாவாசை கழிந்த வாரம்.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். முழங்காலைப் பற்றி நீ பயந்ததைவிட நான் அதிகம் பயந்திருந்தேன். மும்பை மழையில் வெளியே இறங்காதே. பேரன் வந்து பிடித்துக்கொண்டால் மட்டும் இறங்கு. இங்கே ஆடிக் காற்று ஜன்னலை உடைத்துவிடும் போல அடிக்கிறது. கொடியில் போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் காரையாறுக்குப் போய் சொரிமுத்து அய்யனார் கோயிலில் மூன்று நாள் தங்கிவிட்டு நேற்றுத்தான் திரும்பினார்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் ஓய்வு பெற்றதும் பேய்க்கதை எழுத உட்காரலாமா, அதுவும் பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, என்று. உன் குரலில் வருத்தம் இருந்தது. அதனால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் எழுதியது நல்ல கதை இல்லை. பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நள்ளிரவு நாய் ஊளை எல்லாம் இருந்தன. சித்திரையில் ஒரு நாள் மின்சாரம் போன இரவில் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை மொட்டைமாடியில் உட்காரவைத்து வாசித்தேன். கொலுசு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். ஒருவன் கொட்டாவி விட்டான். இன்னொருவன், "டீச்சர், இது எந்த ஊரில் நடக்கிறது?" என்று கேட்டான். "ஏதோ ஓர் ஊரில்" என்றேன். "அப்படியானால் அந்தப் பேய் இங்கே வராது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சரியாகத்தான் சொன்னான். ஊர் இல்லாத பேய் யாரையும் பயமுறுத்தாது. நாளைக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் அது நிற்க வேண்டும். பகலில் போய்ப் பார்த்து, "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது முதுகு கூச வேண்டும். நமக்கு அப்படித்தானே இருந்தது? பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரத்தில் இருந்த பழைய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஓடி வந்தது நினைவிருக்கிறதா? அந்தக் கிணற்றில் பேய் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கிணறு இருந்தது.

ஆகவே மறுநாளே ஊரைச் சுற்ற ஆரம்பித்தேன். ஐம்பது வருடமாகத் தினமும் பார்த்த ஊரைப் பேய் தேடிப் பார்ப்பது வேறு அனுபவம், கோமதி. பெயர்கள்தான் முதலில் பேசின. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கருப்பந்துறை. இத்தனை துறைகள்! துறை என்றால் இறங்கிக் குளிக்கிற இடம், ஓடம் வந்து அணைகிற இடம். ஓடம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஊரின் நாக்கில் மட்டும் அது இன்னும் கட்டிக் கிடக்கிறது.

சுலோசன முதலியார் பாலத்தை நான் வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணி. மழைக்காலம் வந்தால் இக்கரைக்காரர் அக்கரைக்குப் போகத் தோணியை விட்டால் வழியில்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, 1843இல் பாலம் எழுந்தது. பதினொரு வளைவுகள். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். சுண்ணாம்பும் கல்லும் கொண்டு மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலத்தில் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. இத்தனையும் பாடத்தில் சொல்வேன். மதிப்பெண்ணும் போடுவேன். ஆனால் ஒரு கேள்வியை நானும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை. பாலம் வந்த மறுநாள் அந்தத் தோணிக்காரர்கள் என்ன ஆனார்கள்?

கொக்கிரகுளம் படித்துறையில் நின்று மேலே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. வந்த கையோடு அவனும் வந்துவிட்டான். பதினொரு வயது. இடுப்பில் ஒரு துண்டு. கையில் அவனைவிட உயரமான ஓடக்கோல். காய்ச்சலில் கிடக்கும் அப்பாவுக்குப் பதிலாகத் தோணி தள்ள வந்தவன். பாலம் திறக்கும் நாள் காலையில் ஒரு பெரியவரை அக்கரையில் இறக்குகிறான். அவரிடம் சில்லறை இல்லை. "சாயங்காலம் திரும்பி வரும்போது சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பாலம் திறக்கிறார்கள், மேளம் முழங்குகிறது, ஊரே கூடுகிறது. சாயங்காலம் அந்தப் பெரியவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்தின் மேலேயே நடந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். பையன் கீழே நிற்கிறான். இன்னும் நிற்கிறான்.

அவ்வளவுதான் கோமதி. கொலை கிடையாது, பழிவாங்கல் கிடையாது. வர வேண்டிய ஒரு காலணா. அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை, மறந்துபோனார். பாலம் கட்டியவரோ ஊர் கைகூப்ப வேண்டிய மனிதர். அவ்வளவு நல்ல காரியத்தின் நிழலில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. பையன் என் கற்பனை என்பதையும், பாலமும் ஆண்டும் முதலியாரும் உண்மை என்பதையும் முன்னுரையில் தெளிவாக எழுதிவிடுவேன். வரலாறு நடத்தியவள் அதைச் செய்யாமல் இருக்க முடியாது.

பேய்க்கு ஒரு சட்டம் வேண்டும். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பது தெரியாவிட்டால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். என் பேத்திதான் முதலில் இதைக் கேட்டாள்: "ஆச்சி, அவன் நம் வீட்டுக்கு வர முடியுமா?" யோசித்துவிட்டு, "தண்ணீர் இருக்கும் இடம் வரைதான் வர முடியும்" என்றேன். வாயில் வந்த பதில்தான். ஆனால் அதற்குள் கதையே இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? நீ அங்கிருந்து விடாமல் போன் செய்தும் கிடைக்காமல் அழுதாயே, அந்த இரண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு கரையை விட்டு எழுந்து ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் போனது, கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள் போனது. தண்ணீர் இருக்கும் இடம் வரை வரலாம் என்றால், அந்த ஓர் இரவில் அவன் ஊருக்குள்ளேயே வரலாமே! நூற்று எண்பது வருடமாக வளைவுகளுக்குக் கீழே கிடந்தவன் முதல் முறையாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் நுழைகிறான். நடைமேடைகளைப் பார்க்கிறான். நின்றுபோன கடிகாரத்தைப் பார்க்கிறான். பாலத்தை மூடிவிட்ட அந்த இரவில், மறுபடியும் ஊருக்குத் தோணி வேண்டியிருக்கிறது. என் கதையின் சிறுமி ஒரு கடையின் மாடியில் சிக்கிக்கொண்டிருக்கிறாள். இருட்டில் யாரோ "அக்கரைக்கு ஆள் உண்டா?" என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தை வாசித்தபோது மொட்டைமாடியில் ஏழு பேரும் மூச்சு விடவில்லை. கொட்டாவி விட்டவன் என் புடவை முந்தானையைப் பிடித்திருந்தான். அவர்கள் எல்லோரும் அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அல்லவா? மறுநாள் நான்கு பேர் என்னைக் கேட்காமலேயே கொக்கிரகுளத்துக்குப் போய் வளைவுகளை எண்ணிவிட்டு வந்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். எத்தனையோ வருடம் பாடம் நடத்தியும் ஒரு பிள்ளை தானாகப் போய் அந்த வளைவுகளை எண்ணியதில்லை. நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

குறுக்குத்துறை முருகன் கோயிலையும் சேர்த்திருக்கிறேன். வெள்ளம் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் முழுகும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. நமக்கு அது வழக்கமான செய்தி. முழுகியிருக்கும் அந்த நாட்களில் உள்ளே யார் விளக்கேற்றுவார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அங்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது.

நீ சொன்ன யோசனைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை வேண்டாம். பாளையங்கோட்டைக் கோட்டையின் மேற்கு வாசலில் காவல் நிலையம் வைத்து அதற்கு மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்துவிட்டது, அந்த வாசல் பேய்க்கதைக்கு அருமையான இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பித்துப் போனவர். தப்பித்தவரை மறுபடி அதே சுவருக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்கள் இரவில் தானாக ஒலிப்பதாக எழுதச் சொன்னாய். ஒரே கல்லில் செதுக்கி, தட்டினால் சுரம் எழுகிற தூண். மனிதன் கையால் செய்ததே அத்தனை ஆச்சரியமாக இருக்கும்போது அதன் பெருமையைப் பேய்க்குக் கொடுத்தால் அந்தச் சிற்பிக்கு அநியாயம்.

ஆதிச்சநல்லூர் மட்டும் என்னை விடவே இல்லை. இப்போது அது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் நமக்கு அது திருநெல்வேலிச் சீமைதான். பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். தோண்டிய குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்று, அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் கீழே பார்க்கலாம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், யாரும் சொல்லவில்லை. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார் என்று சொன்னேன். "அவர்களுடைய பொருள் பெர்லினில் இருந்தால் அவர்கள் அங்கே போய்த் தேடுவார்களா, இங்கேயே தேடுவார்களா?" என்றாள். இரண்டாவது புத்தகம் எழுத ஆயுள் இருந்தால் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.

உன் வருத்தத்துக்கு வருகிறேன். பேயைப் பற்றி எழுதினால் பிள்ளைகள் மனதில் மூடநம்பிக்கை வளராதா என்று கேட்டாய். நம் சீமையில் பேய் என்பது என்ன கோமதி? கோயில் கொடை நாட்களில் வில்லுப்பாட்டு கேட்டபடியே நாம் பாயில் தூங்கிப்போவோமே, அந்தக் கதைகளை இப்போது நினைத்துப் பார். பிறப்பைப் பாடுவார்கள், வளர்ந்ததைப் பாடுவார்கள், அநியாயமாகச் செத்ததைப் பாடுவார்கள். அப்புறம் அந்தச் செத்தவர் சாமியாகி, தான் குடியிருக்க ஒரு நிலையம் கேட்டு நிற்பார். முத்துப்பட்டன் அப்படித்தான். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா திம்மக்காவை மணந்து, செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய்க் கொலையுண்டவன். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். யாரும் போடாமலே அது தேய்ந்திருக்கும், இரவில் அவன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான் என்று நம்புகிறார்கள். இதைவிட நல்ல பேய்க்கதையை எந்த ஊரும் எனக்குக் காட்டவில்லை. செருப்பின் தேய்மானத்தைச் சொன்னாலே பிள்ளைக்கு மயிர் கூச்செறியும். அவன் ஏன் செத்தான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. செத்தவரை மறக்க மாட்டேன் என்று ஒரு ஜனம் பிடிவாதமாக நின்ற கதை அது. என் தோணிக்காரப் பையனையும் அந்த வரிசையில் கடைசியாக ஓர் ஓரத்தில் நிறுத்தப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அதே பாலம், அதே கொக்கிரகுளம் கரை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக வந்த ஊர்வலம், தடியடி, ஆற்றில் போன பதினேழு உயிர்கள், அதில் ஒரு சின்னக் குழந்தை. அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களைக் கதையில் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை. பெற்றவர்களும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் துக்கத்தைப் பிள்ளைகள் மொட்டைமாடியில் கேட்டு நடுங்கும் பொருளாக்க மாட்டேன். அதே சமயம், நூற்று எண்பது வருடம் அந்தக் கரையிலேயே நிற்கிற பையன் அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இப்போதைக்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எப்போதாவது அழுதாயா என்று சிறுமி கேட்கிறாள். "ஓர் ஆடி மாதம்" என்கிறான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குப் புரியும். பிள்ளைகள் வீட்டில் கேட்டால் வீட்டில் சொல்லட்டும். போதுமா, அதிகமா? நீ படித்துவிட்டுச் சொல்.

கடந்த மாதம் ஒரு பதிப்பகத்துக்கு மூன்று அத்தியாயம் அனுப்பினேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டால் எல்லா மாவட்டத்திலும் விற்கும் என்று எழுதினார்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பெயரை எடுத்தால் அந்தப் பையன் எந்த வளைவின் கீழே போய் நிற்பான்? எடுக்க முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். வேறு ஒருவர் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. அம்மாவின் வெற்றிலைச் செல்லத்துக்கு அடியில் ஒரு பழைய செப்புக் காசு கிடந்ததே, உனக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா, 1835 என்று போட்டிருக்கிறது. பாலம் திறந்த அன்று அந்தப் பெரியவர் கொடுத்திருக்க வேண்டியதும் இப்படி ஒரு காசுதான். கதையில் சிறுமி முதலில் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறாள். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காசு இல்லை என்று கொடுத்துவிடுகிறான். பிறகு தன் ஆச்சி வீட்டில் இந்தக் காலணாவைக் கண்டெடுக்கிறாள். கொடுத்தால் அவன் கடன் தீர்ந்து போய்விடுவான். இப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். பேத்தி ஒரேயடியாக மறுக்கிறாள். "கொடுக்காதே ஆச்சி. கொடுத்தால் அவன் போய்விடுவான். அப்புறம் அடுத்த வெள்ளத்துக்கு யார் வருவார்கள்?" என்று கேட்கிறாள். காசு என் மேஜையில்தான் இருக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. உன் அப்பாவைப் பெற்ற ஆச்சி ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர்கள். அக்கரையில் நிற்கும் ஓடக்காரரைக் கூப்பிடுகிற கூவலை, வாயருகே கையைக் குவித்து நமக்குச் செய்து காட்டுவார்களே! தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். என் காதில் அந்த இழுப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது, சொல் போய்விட்டது. உனக்கு நினைவிருந்தால் எழுது. எழுத்தில் வராது என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டுச் செய்து காட்டு, மகன் வீட்டில் யார் கேட்டாலும் பரவாயில்லை. சிறுமி கடை மாடியிலிருந்து இருட்டைப் பார்த்து அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டிய இடத்தில் எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் காந்தி